காந்தக்கையன் ஏறிய ஜீப்

"முப்பத்தாறு வயசாச்சு, முறுக்கு மீசை வச்சிருக்கீக, சொந்தமா ஜீப் ஓட்டுறீக. பெறகு எதுக்குங்க இந்தப் பொம்மைப் புத்தகம்?"

கம்பத்துக்காரர் ஒருவர் இப்படிக் கேட்டபோது கூடலூர் ராக்கையா திருதிருவென்று விழித்தார். அன்றைக்கு இதை எழுதுகிறவரைப் பிடித்துக் கேட்டிருந்தாலும் அப்படித்தான் விழித்திருப்பார். கேட்டவர் சாதாரண ஆளும் இல்லை. ராக்கையாவுக்குப் பேசி முடிக்கும் நிலையில் இருந்த பெண்ணின் அண்ணன். ஜீப்பின் டேஷ்போர்டைத் திறந்து பேனா தேடியவர் கையில் ஒரு காமிக்ஸ் சிக்கிவிட்டது. அட்டையில் நீலச் சட்டைக்காரன் ஒருவன் வெறுங்கையால் ஒரு ரயில் எஞ்சினை இழுத்துக்கொண்டிருந்தான். அண்ணன் நாலு பக்கம் புரட்டினார், மூடினார், கேட்டார். "சும்மா... பொழுதுபோக்குக்கு..." என்று ராக்கையா இழுத்தார். மூன்றாம் நாள் தரகர் மூலம் தகவல் வந்தது. பையன் நல்ல பையன்தான், ஆனால் இன்னும் மூளை வளரவில்லையாம்.

அந்த நீலச் சட்டைக்காரன் பெயர் காந்தக்கையன். இரும்பு எதுவானாலும் அவன் கைக்கு ஓடி வரும். ராக்கையா அவன் கதைகளைக் கூரியரில் வரவழைத்துப் படிப்பார். படிப்பதோடு நின்றிருந்தால் வம்பில்லை. அவருடைய வேலை, காலை ஆறு மணிக்குக் கூடலூரில் பெண்களை ஏற்றிக்கொண்டு, லோயர் கேம்ப் தாண்டி மலையேறி, குமுளி வழியாகக் கேரளத்து ஏலக்காய்த் தோட்டத்தில் கொண்டுபோய் இறக்குவது. மற்ற ஜீப்புகளில் பாட்டு ஓடும். இவர் ஜீப்பில் காந்தக்கையன் ஓடுவான். படித்ததை அப்படியே சொல்லிக்கொண்டே ஓட்டுவார். ஆனால் கொண்டை ஊசி வளைவு வந்துவிட்டால் வாயை மூடிவிடுவார். வளைவில் பேசக் கூடாது என்பது அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். அதனால் கதை சரியாக ஆபத்தான இடத்தில் போய் நிற்கும். வளைவு திரும்பி முடியும்வரை பின்னால் பத்துப் பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

கம்பம் சம்பந்தம் முறிந்து எட்டு மாதம் கழித்து அனுமந்தன்பட்டியிலிருந்து ஒரு ஜாதகம் வந்தது. பெண்ணின் பெயர் மகாலட்சுமி. திராட்சைக் கோல்டு ஸ்டோரேஜில் வேலை. போட்டோவைப் பார்த்த ராக்கையா அன்றைக்கு இரண்டு முறை கியரைத் தப்பாகப் போட்டார். சிரிப்பதா வேண்டாமா என்று யோசிக்கும்போது எடுத்த போட்டோ அது. அந்த யோசனை அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மாரீஸ்வரி போன் செய்தார்.

"ஏலே, நாளைக்கு ஒன் வண்டியில அனுமந்தன்பட்டிக்காரக ஆள் ஏத்தி விடுறாகளாம். விசாரிக்க வர்றாக. தரகர் என் காதைக் கடிச்சாரு."

"யாருக்கா வர்றது?"

"ஏலே, அது தெரிஞ்சா அதுக்குப் பேரு விசாரிப்பா? பொண்ணுக்கு மாமன் ஒச்சாண்டின்னு ஒருத்தர் இருக்காராம். அவர் சொல்றதுதான் அந்த வீட்ல சட்டம். அவராத்தான் இருக்கும். அந்தப் பொம்மைப் புத்தகம் ஒண்ணாச்சும் அவர் கண்ணுல பட்டுச்சு, நான் ஒனக்குப் பொண்ணு பாக்குறதை இத்தோட விட்டுர்றேன். ஆமா."

பெண் கொடுப்பதற்கு முன் ஆள் விட்டு விசாரிப்பது ஊர் வழக்கம். பையன் ஜீப் டிரைவர் என்றால் விசாரிக்கிறவருக்கு இன்னும் வசதி. ஏறி உட்கார்ந்துவிட்டால் போதும், ஒன்றரை மணி நேரம் முழுக்க வேடிக்கை பார்க்கலாம்.

திங்கட்கிழமை காலை ராக்கையா கையில் இருந்த மூன்று காமிக்ஸையும் சாக்கில் சுற்றிப் பின்சீட்டுக்கு அடியில் ஜாக்கியோடு சேர்த்துத் திணித்தார். முழுக்கைச் சட்டை போட்டார். நெற்றி நிறையத் திருநீறு பூசினார். கண்ணாடியில் பார்த்தபோது அவருக்கே தன்னைப் பார்த்து "வணக்கம் சார்" என்று சொல்லத் தோன்றியது.

ஆறு மணிக்கு வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டோடு ஒருவர் வந்து முன்சீட்டில் ஏறினார். "குமுளி" என்று ஒரு வார்த்தை சொன்னார். கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு புருவத்தைச் சுருக்கினார். அவ்வளவுதான், ராக்கையா நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த முறைப்பு சாதாரண முறைப்பு இல்லை, மாமன் முறைப்பு!

உண்மை என்னவென்றால், அவர் பெயர் சங்கரலிங்கம். அவருக்குக் கடைவாய்ப் பல்லில் உயிர் போகிற வலி. குமுளியில் பல் டாக்டரைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார். மாமனுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

விசாரிக்க வந்த ஆள் பின்னால் ஏறியாயிற்று. அது மகாலட்சுமியேதான். "கட்டிக்கிறது நானு, விசாரிக்கிறது நீங்களா மாமா?" என்று வீட்டில் சண்டை போட்டு, ஏலத்தோட்டத்துக்குப் புதிதாக வேலைக்குப் போகிறவள் என்ற வேஷத்தில் வந்திருந்தார். தலையில் துண்டு கட்டி, முகத்தைப் பாதி மறைத்திருந்தார். கையில் ஸ்டிக்கர் கூடக் கிழிக்காத புது டிபன் கேரியர்.

பக்கத்தில் இருந்த சுருளியம்மாள் ஏற இறங்கப் பார்த்தார். அந்த ஜீப்பில் அவர்தான் மூத்தவர், வாயும் அவருக்குத்தான் பெரிது.

"புதுசா ஆத்தா? அட்டை கடிக்குமே, புகையிலை தேச்சியா?"

"ஐயோ, எனக்குப் புகையிலைப் பழக்கமெல்லாம் இல்லக்கா."

"அடி இவளே, வாய்க்கில்ல, காலுக்கு!"

ஜீப் சிரிப்பில் குலுங்கியபடி கிளம்பியது. லோயர் கேம்ப் தாண்டியதும் சுருளியம்மாள் ராக்கையாவின் முதுகில் தட்டினார்.

"ஏலே ராக்கையா, பாலத்துல கொண்டுபோய் விட்டியே, அவன் பிடிச்சானா இல்லையா?"

"எந்தப் பாலம்க்கா?"

"எந்தப் பாலமா? நேத்து லீவுலகூட என்னைத் தூங்கவிடாம மண்டைக்குள்ள தொங்கிக்கிட்டு நின்ன பாலம்!"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. ரோட்டைப் பாத்து ஓட்டணும்ல." ராக்கையா பக்கத்து சீட்டுக்குத் திரும்பினார். "வண்டி ஓட்டும்போது நான் பேசுறதே இல்லீங்க."

"ம்ம்" என்று முனகினார் சங்கரலிங்கம்.

"டீ காப்பி கூடக் குடிக்கிறதில்லீங்க."

"அப்ப சனிக்கிழமை மூணு டீ குடிச்சது ஒங்க அண்ணனா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"பொய் சொல்ற பழக்கமும் இல்லீங்க."

ஜீப் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. சங்கரலிங்கம் கண்ணை இறுக மூடி "ஸ்ஸ்" என்றார். வேகமாக ஓட்டுகிறோம் போல என்று ராக்கையா வேகத்தைக் குறைத்தார். அடுத்த பள்ளத்தில் மறுபடி "ஸ்ஸ்". இன்னும் குறைத்தார். கடைசியில் ஜீப் பெண் அழைப்புக் கார் மாதிரி ஊர்ந்தது. விறகு கட்டிக்கொண்டு போன சைக்கிள்காரர் ஒருவர் மணியடித்து முந்திக்கொண்டு போனார்.

"இந்தா, இப்படிப் போனா மத்தியானச் சோத்துக்குத்தான் தோட்டம் போய்ச் சேருவோம்" என்றார் சுருளியம்மாள். "கதையும் இல்ல, வேகமும் இல்ல. என்ன வந்துச்சு இவனுக்கு?"

மகாலட்சுமி மெல்லக் கேட்டார். "அப்படி என்னக்கா கதை?"

"காந்தக்கையன்னு ஒருத்தன் கதை. படம் போட்ட புத்தகத்துல வருது."

"படம் போட்டதா? சின்னப் பிள்ளைக படிக்கிறதுல்ல அது? பெரிய மனுசிக நீங்க எல்லாம் அதைப் போயா கேக்குறீக?"

மறுபடி அதே கேள்வி! ராக்கையாவின் காது சூடானது. ஆனாலும் ரோட்டையே பார்த்து ஓட்டினார். சுருளியம்மாளுக்குத்தான் ரோஷம் வந்துவிட்டது.

"சின்னப் பிள்ளைக் கதையா? கேளு, நான் சொல்றேன். காந்தக்கையன்னு ஒருத்தன், ஆகாசத்துல பறந்து வருவான்..."

அவன் பறக்கவே மாட்டான். டவுன் பஸ்ஸில் போகிறவன் அவன். அதுவும் கம்பியைப் பிடித்தால் கை ஒட்டிக்கொள்ளும் என்று நடுவில் நின்று தள்ளாடியே போகிறவன். ராக்கையா உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"அந்தக் காந்தம் ஒரு சாமியார் குடுத்த வரம்..."

பாம்! ஹாரன் அலறியது. எதிரே வண்டியும் இல்லை, மாடும் இல்லை. வரமாவது! பழைய இரும்புக் கடையில் வேலை பார்க்கும்போது நடந்த விபத்து அது.

"அங்கன ஒரு இரும்புப் பாலம். அதைத் துருப்பிடிக்க வச்சு விழத்தாட்டப் பாத்தான் ஒரு கெட்ட கிழவன். காந்தக்கையன் வந்தான், ஓங்கி ஒரே குத்து. கிழவன் செத்தான். எல்லாரும் கைதட்டுனாக. அம்புட்டுத்தான் கதை."

ஜீப் சடாரென்று ஓரம் கட்டி நின்றது. மலையேறும் வண்டிகளின் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றும் இடம் அது. ராக்கையா முழுக்கைச் சட்டையோடு பின்பக்கம் திரும்பினார். முகத்தில் திருநீறு வேர்வையில் கரைந்து ஓடியது.

"அக்கா! கிழவர் சாகலக்கா! அவன் குத்தவே இல்லக்கா!"

"அப்ப ஒனக்குக் கதை தெரியும்!"

"தெரியும்! தெரியாம என்ன?"

ஒரு கதையைத் தெரியாது என்று சொல்ல ராக்கையாவால் முடிந்தது. அதைத் தப்பாகச் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்க மட்டும் முடியவில்லை. முன்சீட்டில் சங்கரலிங்கம் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். பார்த்த ராக்கையாவுக்குச் சம்பந்தம் போனது போனதுதான் என்று உறுதியாயிற்று. போனால் போகட்டும், கதையாவது உருப்படியாக இருக்கட்டும் என்று இறங்கினார். பின்னால் வந்து சீட்டுக்கு அடியில் சாக்கை இழுத்தார். ஜாக்கி ஒரு பக்கம் விழ, காமிக்ஸ் மறுபக்கம் வந்தது. ஜீப்பின் மேற்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இப்படித்தான் நின்னான். அவன் கரையில நிக்கிறான், பாலம் நடு ஆத்துல தொங்குது. மேல நானூறு பேரு. கையை விட்டா எல்லாரும் காலி. கடைசி ஆள் தாண்டுற வரைக்கும் ஆறு மணி நேரம் அப்படியே நின்னான். அன்னைக்கு அவன் மகளுக்குப் பொறந்தநாளு. அஞ்சு வயசு. வந்துருவேன்னு சொல்லிட்டு வந்திருக்கான்."

"அடப்பாவி" என்றார் சுருளியம்மாள். "காதுகுத்துக்குத் தாய்மாமன் வராம போன மாதிரில்ல ஆச்சு."

"பாலத்துக்கு அடியில நிக்கிறாரே, அந்தக் கிழவர் கெட்டவர் இல்லக்கா. அந்தப் பாலத்தைக் கட்டின எஞ்சினியர். துருப்பிடிக்குது, பிடிக்குதுன்னு ஏழு வருசமா கடுதாசி எழுதியிருக்காரு. ஒருத்தனும் படிக்கல. விழுந்தாத்தான் நம்புவாகன்னு அவரே துருவைக் கூட்டிவிட்டுட்டாரு. மேல ஆள் இருக்குன்னு பாக்கல. செஞ்சது தப்பு. ஆனா சொன்னது உண்மை. இப்ப சொல்லுங்க, யாரைக் குத்துறது?"

பெண்கள் எல்லோரும் புத்தகத்துப் பக்கம் சாய்ந்தார்கள்.

ராக்கையா ஒரு பக்கத்தைப் பிரித்து நீட்டினார். "இங்கன பாருங்க. வீட்டுக்கு வர்றான். பிள்ளை அழுது தூங்கிருச்சு. கதவுல இரும்புத் தாழ்ப்பாள். தொட்டா ஒட்டிக்கிட்டுச் சத்தம் போடும், பிள்ளை முழிச்சிரும். அதனால வாசல்லயே நிக்கிறான். நாலு கட்டம். ஒரு எழுத்துக் கிடையாது. எங்க அக்கா மகன் இந்தப் பக்கத்தை நிமிசத்துல தள்ளிட்டு, அடுத்த சண்டை எங்க மாமாங்குறான். அவன் பிள்ளை, அவனுக்கு அது சரி. எனக்கு இந்தப் பக்கத்தைத் தாண்ட ஒரு வாரம் ஆச்சு. பெரியவக படிக்கிறதுன்னா ரத்தம் இருக்கணும், கெட்ட வார்த்தை இருக்கணும்னு நெனைக்கிறாக. அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம். பிள்ளைகளுக்கு அவன் பாலத்தைப் பிடிப்பானான்னுதான் கவலை. நமக்கு, பிடிச்சவன் வீட்டுக்குள்ள எப்படிப் போவான்னு கவலை."

இவ்வளவு நீளமாக அவர் பேசியதே இல்லை. எட்டு மாதமாக உள்ளே கிடந்தது எல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்துவிட்டது.

புத்தகம் கைக்குக் கை போனது. உடனே ஆளாளுக்குப் பேசக் கிளம்பிவிட்டார்கள்.

"அவன் பொண்டாட்டி எப்படிச் சமைப்பா? ஏனமெல்லாம் அவன் கையில போய் ஒட்டிக்கிருமே!"

"எவர்சில்வர் ஒட்டாதுடி. கடையில காந்தம் வச்சுப் பாத்துத்தானே வாங்குறோம்? ஒட்டுனா அது மட்ட ரகம்."

"அப்ப அவனைக் கூட்டிட்டுப் போனா நல்ல பாத்திரமா வாங்கலாம்!"

"வெளங்கும்! கடைக்குள்ள விடுவானா? தராசுக்கல்லுல இருந்து ஷட்டர் வரைக்கும் இவன் பின்னாலயே வந்துரும்!"

"மரத்தாழ்ப்பாள் போட்டா என்னவாம் கதவுக்கு? அஞ்சு வருசமா அந்தப் பொம்பளை சொல்லியிருப்பா, இவன் கேட்டிருக்க மாட்டான்!"

ஒருவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். இன்னொருவர் அந்த நாலு கட்டத்தை நிஜமாகவே கண்ணில் தண்ணீரோடு பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்துக்கு நடுவே தலைத்துண்டை அவிழ்த்து எறிந்துவிட்டு ஒருவர் எழுந்து நின்றார். கூரை இடித்தது, அதையும் பொருட்படுத்தவில்லை.

"நீங்க எல்லாம் அவனையே பேசுறீக. அந்த எஞ்சினியரை ஒருத்தரும் பேசல! எனக்குத் தெரியும் அந்த வயித்தெரிச்சல். எங்க கோல்டு ஸ்டோரேஜுல கம்ப்ரசர் சத்தம் மாறிருச்சுன்னு மூணு நாள் தலை தலையா அடிச்சுக்கிட்டேன். ஒருத்தர் கேக்கல. நாலாம் நாள் அம்புட்டுத் திராட்சையும் வெந்து போச்சு! நான் மட்டும் துருப்பிடிக்க வைக்கத் தெரிஞ்சவளா இருந்தா..."

பாதியில் நிறுத்திக்கொண்டார். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

"கோல்டு ஸ்டோரேஜா?" சுருளியம்மாள் மெதுவாகத் திரும்பினார். "நீ காய் எடுக்க வந்தவ இல்லையா ஆத்தா?"

ராக்கையா மறுபடி கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த முகத்தைப் பார்த்தார். சிரிப்பதா வேண்டாமா என்ற அதே யோசனை! போட்டோவில் பார்த்த யோசனை! கை கம்பியோடு ஒட்டிக்கொண்டது போல் இருந்தது. முன்சீட்டைக் காட்டி, "அப்ப... அவரு?" என்றார்.

அதுவரை "ம்ம்" தவிர ஒன்றும் சொல்லாத சங்கரலிங்கம் தலையை வெளியே நீட்டினார்.

"ஏம்ப்பா, ஒனக்குப் புண்ணியமாப் போகட்டும், வண்டியை எடு. எனக்குப் பல்லு தெறிச்சிரும் போல இருக்கு. கதையைக் கேட்டுக்கிட்டு இருந்ததுல கொஞ்ச நேரம் வலி மறந்திருந்துச்சு, நீங்க நிப்பாட்டுன உடனே மறுபடி வந்துருச்சு!"

அதற்குப் பிறகு அந்த ஜீப் குமுளி போய்ச் சேர்ந்த கதையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பத்துப் பெண்களும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மாப்பிள்ளை நல்லவன் என்று ஐந்து பேர், டீ விஷயத்தில் மட்டும் பொய் சொல்லுவான் என்று ஐந்து பேர். ராக்கையா மட்டும் வாய் திறக்கவில்லை. அவருக்கு அன்றைக்கு ரோடு முழுக்கவே வளைவாக இருந்தது.

குமுளியில் மகாலட்சுமி இறங்கினார். பஸ் பிடித்து ஊர் திரும்ப வேண்டும். டிபன் கேரியரைச் சுருளியம்மாளிடம் கொடுத்து, "எனக்குப் பசி இல்லக்கா, சாப்பிடுங்க" என்றார். பிறகு டிரைவர் பக்கம் வந்தார்.

"டீ குடிக்கிறதில்லேன்னு எதுக்குச் சொன்னீக?"

"பயத்துலங்க."

"புத்தகத்தை ஒளிச்சு வச்சதும்?"

"அதுவும் பயம்தாங்க."

"எனக்கு என்னமோ பிடிச்சிருக்கு. ஆனா எங்க வீட்ல ஒச்சாண்டி மாமா சரின்னு சொல்லணும். அவுகளும் இதைக் கேப்பாக, பொம்மைப் புத்தகம்தானேன்னு. நான் சொன்னா நம்ப மாட்டாக. குடுங்க இதை." புத்தகத்தை வாங்கி, சேலைத் தலைப்பில் மூடிக்கொண்டு போய்விட்டார்.

மூன்று நாள் தகவல் இல்லை. "கையில போய்க் குடுத்தியாக்கும்? கையில?" என்று மாரீஸ்வரி வந்து தலையில் அடித்துக்கொண்டார். "கண்ணுல படாம ஒளிச்சு வைடான்னா, கொண்டுபோய்ப் படிங்கன்னு குடுத்து விட்டிருக்கியேலே!"

நாலாம் நாள் காலை போன் அடித்தது. ஒச்சாண்டி.

"என்னய்யா புத்தகம் குடுத்து விட்டிருக்கீக நீங்க?" என்று ஆரம்பித்தார். குரலில் அவ்வளவு கோபம். ராக்கையா எழுந்து நின்றுவிட்டார். "வீட்ல ரெண்டு நாளா ரணகளம்! நான் சொல்றேன், நானூறு உசுரைக் காப்பாத்துனவன்தான் மனுசன்னு. என் பொண்டாட்டி ஒத்துக்க மாட்டேங்குறா. வீட்டு வாசல்ல நிக்கிறவனுக்கு எதுக்கு அம்புட்டுப் பலம்னு கேக்குறா. மகாலட்சுமி எஞ்சினியர் கட்சி. மூணு பேரும் மூணு பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு உக்காந்திருக்கோம். அந்தக் கதவை அவன் தொறந்தானா இல்லையா? அதைப் போடாம முடிச்சு வச்சிருக்கான் பாவி!"

"அது... அடுத்த புத்தகத்துல வருதுங்க."

"ஒங்ககிட்ட இருக்கா?"

"இருக்குங்க."

"அப்படின்னா வெள்ளிக்கிழமை பூ வைக்க வரும்போது மறக்காம எடுத்துட்டு வந்துருங்க மாப்ள" என்று சொல்லி ஒச்சாண்டி போனை வைத்துவிட்டார்.

ராக்கையா போனைப் பார்த்துக்கொண்டே நின்றார். மாப்ள! வாசலில் நின்ற மாரீஸ்வரி "என்னலே சொன்னாக, என்னலே சொன்னாக?" என்று கேட்கக் கேட்க, அக்காவை அப்படியே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிட்டார்.

இதைப் படித்தவர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. தான் ஆசையாகப் படிக்கும் புத்தகத்தை ஆள் வந்தால் தலையணைக்கு அடியில் தள்ளிவிடும் பெரியவர் ஒருவராவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பஸ்ஸிலோ ஜீப்பிலோ டீக்கடையிலோ அவரைப் பார்த்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். கூட்டியோ குறைத்தோ சொன்னால் ராக்கையா வண்டியை நிறுத்திவிட்டுச் சண்டைக்கு வருவார், அது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.